பிரசவ அறையில் குடிபூரல்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. 2007இல், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் மோருக்கு வரிசையில் நின்றபோது புஷ்பராணி அக்கா சொன்னது. அவர் இருப்பது அந்த நாட்டின் வட கடலில் ஒரு சின்னத் தீவு. அங்குள்ள அரச மருத்துவமனையில் அவர் ஒருவர்தான் மருத்துவிச்சி. மோர் கைக்கு வருமுன்பே கதை என் தலையில் ஏறிவிட்டது.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: 'அலைகள் சோகமாக...'

சீ! அலைக்கு என்ன சோகம்? வெட்டியாயிற்று.

இரண்டாவது: தீவில் வீட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லா வீடும் விடுமுறைக்கு வருபவர்களுக்கு! குளிர்காலத்தில் அக்காவுக்கு ஒன்றை வாடகைக்குக் கொடுப்பார்கள், ஈஸ்டர் வந்தால் காலி செய் என்பார்கள். அந்த ஆண்டும் வீட்டுக்காரர் ஹன்சன் சொல்லிவிட்டார். கரையிலிருந்து வந்து போகலாமென்றால், கடல் வற்றுவதையும் பெருகுவதையும் பார்த்துத்தான் கப்பல் ஓடும். பிள்ளை அதைப் பார்த்தா பிறக்கும்? மருத்துவிச்சி தீவில் தங்காவிட்டால் பிரசவப் பகுதியை மூடிவிடுவோம் என்றது நிர்வாகம்.

3

அக்கா பெட்டிகளோடு துறைமுகத்தில் நின்று கண்ணீர்...

[இந்த இடத்தை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "தம்பி, நான் எங்க அழுதனான்? விசர்க்கதை எழுதாதேங்கோ. எனக்குக் கோவம்தான் வந்தது."]

சரி, அழவில்லை. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி நடந்தார். நேரே பிரசவ அறை. "ஆரும் பிள்ளை பெற வந்தா எழும்பி இடம் விடுறன்" என்று அங்கிருந்த தாதியிடம் சொல்லிவிட்டு, யன்னலோரத்தில் அம்மன் படத்தை வைத்தார். குடிபுகுந்தால் பால் காய்ச்ச வேண்டாமா? பெட்டியிலிருந்து எடுத்த மின்னடுப்பில் பாலை ஏற்றினார்.*

* குடிபூரல் பால் பொங்கி வழிய வேண்டும். வழிந்த பால் கருகிப் புகையும் என்பது அக்காவுக்கு அப்போது நினைவில் இல்லை.

4

எச்சரிக்கை மணி அலறியது. அந்தத் தீவில் தீயணைப்புப் படை என்றால் ஊர்க்காரர்தான். தலைக்கவசத்தோடு ஓடிவந்தவர்களில் மேயர் இருந்தார். தண்ணீர்க்குழாயைப் பிடித்தபடி ஹன்சனும் நின்றார். (இதை நான் புனைந்திருந்தால் எனக்கே கூச்சமாக இருந்திருக்கும்.)

அக்கா அசரவில்லை. மருந்து ஊற்றும் குட்டிப் பிளாஸ்ரிக் கோப்பைகளில் மிச்சப் பாலை ஊற்றி, சீனி போட்டு, ஆளுக்கொன்று நீட்டினார். குடிபூரலுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவதா?

"பிறகு என்ன சொன்னீங்கள் அக்கா?"

"என்னத்தைச் சொல்லுறது? வீடு தாற வரைக்கும் இதுதான் என்ர வீடு எண்டன். ஹன்சன் ஐயா, உங்கட மகளுக்கு ஆவணியிலதானே பிள்ளை? கூட்டிக்கொண்டு வாங்கோ, என்ர வீட்டிலயே பெறட்டும் எண்டன்."

5

முடிவு ஒன்று: ஹன்சன் சாவியை எடுத்து நீட்டினார். இனிப்புக் கூடிவிட்டது.

முடிவு இரண்டு: மேயர் பொலிஸைக் கூப்பிட்டார். ஆனால் பொலிஸ்காரருக்கே தீவில் வீடில்லை. அவரும் அடுத்த கப்பலில்தான் வரவேண்டும்.

உண்மையில் என்னதான் நடந்தது என்று அக்காவிடம் கேட்டேன். "நான் இப்பவும் தீவிலதான் இருக்கிறன் தம்பி. அது காணும், வேற என்ன வேணும்?" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஆகவே அந்த அறையிலேயே நிறுத்துகிறேன். ஹன்சன் கையில் பால் சுடுகிறது. எல்லோரும் அவரைத்தான் பார்க்கிறார்கள். அவர் வாயைத் திறக்கிறார். என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா அந்தத் தீவை விட்டுப் போனதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்களுக்கும் தொலைபேசி வரும்.