பாதிக் கருவாட்டு வழக்கு

வேசி என்ற சொல் ஏவிஸ் டோலண்டுக்குப் பெரிதாய் வலிக்கவில்லை. அந்தத் தெருவில் கோழிக்கும் சாக்கடைக்கும் தினம் ஒருத்தி இன்னொருத்தியை அப்படித்தான் திட்டுவாள். பாதிக் கருவாடு என்றதுதான் அடிவயிற்றில் குத்தியது.

சந்தை நாளில், ஊரே நடமாடுகிற நேரம் பார்த்து, பீர் காய்ச்சி விற்கிற கிரிசெல் பவுன்ஸ் தன் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று கத்தினாள்.

"ஏண்டி மருத்துவச்சி! எம் பீரு குதிர மூத்திரம்னு பேறுகால வீடு வீடாச் சொல்லிட்டுத் திரியிறியாமே? நீ யாருன்னு நான் சொல்லட்டுமா, வேசி? தோலுக்குப் போடுற மரப்பட்டைக் கொட்டகைக்குப் பின்னால ஈயம் பூசுறவன்கூடப் படுத்தவதான நீ? அதுவும் பாதிக் கருவாட்டுக்கு!"

குதிரை மூத்திரம் என்று ஏவிஸ் சொன்னது வாஸ்தவம். குடித்த யாரும் மறுக்க மாட்டார்கள். பிள்ளை பிறக்கிற வீட்டில் கூடும் பெண்களுக்கு எங்கே பீர் வாங்குவது என்பதில் மருத்துவச்சி வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டத்தில் கிரிசெல்லின் பீப்பாய்கள் மாதக்கணக்கில் புளித்துக் கிடந்தன.

திட்டு விழுந்த வாரமே கொல்லன் பெண்டாட்டி டார்க்கஸ், நிறைமாத வயிற்றோடு, ஆற்றுக்கு அக்கரை மருத்துவச்சிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவளுடைய மூத்த பிள்ளைகளை வெளியே எடுத்தவை ஏவிஸின் கைகள். அந்தக் கைகளுக்கு பிஷப் கொடுத்த உரிமம் இருந்தது. நல்ல பெயர் உள்ளவளுக்குத்தான் உரிமம். பெயர் போனால், தோல் பதனிடுகிற புருஷனோடு குழியில் இறங்கி, தோல் மெதுவாக மறுபடி நாய்ப்பீ கலக்க வேண்டியதுதான். சின்ன வயதில் கலக்கியவள்தான் அவள். நகக்கண்ணை விட்டு அந்த நாற்றம் போவதற்கே கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"வாய்ச்சண்டைக்கு எதுக்குடி கோர்ட்டு? நாலு நாள்ல ஊரு மறந்துடும்" என்றான் புருஷன் ஹம்ப்ரி.

"பாதிக் கருவாட்ட மறக்குமாய்யா? முழுசுன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல."

"முழுசுன்னா பரவால்லயா?"

"வாய மூடுய்யா."

ஏவிஸ் வழக்குப் போட்டாள். அவதூறை விசாரிக்கிற பிஷப் கோர்ட்டில் காதால் கேட்ட சாட்சி இரண்டு பேர் வேண்டும். ரொட்டிக்காரன் முதலில் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னான். அடுத்து ஏறியவள் ஏவிஸின் சிநேகிதி பார்பரி, கம்பளி நூற்கிறவள். கிரிசெல் சொன்னது முழுக் கருவாடு என்று சத்தியம் செய்தாள்.

"முன்னால வந்தவர் பாதின்னாரேம்மா?" என்றார் நீதிபதி.

"ஐயா, எனக்கு ஏவிஸைச் சின்னதுலேருந்து தெரியும். பாதிக்கெல்லாம் போறவ இல்ல."

கூடத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஏவிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, இறங்கி வந்து பக்கத்தில் நின்ற பார்பரியின் காலை நசுக்கினாள். படுத்தாள் என்றதுதான் அவதூறு, மீனின் அளவு கோர்ட்டுக்கு வேண்டியதில்லை என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். வருகிற ஞாயிறு கிரிசெல் வெள்ளைத் துணி போர்த்தி, வெறுங்காலோடு கோயிலில் எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஏவிஸ் வெற்றியோடு ஊர் திரும்பினாள். அது சனிக்கிழமை வரைக்கும்தான் நிலைத்தது. அன்று பாதிரியார் வாட்லோ அவளைக் கூப்பிட்டு, கிரிசெல் சொல்ல வேண்டியது என்று கோர்ட்டிலிருந்து வந்த வாசகத்தைப் படித்துக் காட்டினார். கொட்டகை இருந்தது. ஈயம் பூசுகிறவன் இருந்தான். பாதிக் கருவாடும் இருந்தது.

"இதையெல்லாமா சாமி கோயில்ல சொல்லுவா?"

"சொன்ன வார்த்தைய அப்பிடியே சொல்லித்தாம்மா மன்னிப்புக் கேக்கணும். அதான் முறை. பக்கத்து ஊருலேருந்தெல்லாம் ஆளு வருதாம். இடம் பத்தாதுபோல."

திட்டு விழுந்த அன்று தெருவில் நின்று கேட்டவர்கள் இருபது முப்பது பேர். நாளைக்குக் கேட்கப்போவது மூன்று ஊர்.

"நிறுத்த வழியில்லையா சாமி?"

"ரெண்டு பேரும் சமாதானமாயிட்டீங்கன்னா நான் கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்துடுவேன். ஆனா ரெண்டு பேரும் வந்து சொல்லணும்."

ஏவிஸ் ஓடினாள். கிரிசெல் முற்றத்தில் உட்கார்ந்து, செங்கல்லால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற? நாளைக்கு ஊரே எங் காலப் பாக்கும்ல?"

"கிரிசெல், போனது போகட்டும். நான் உன்ன மன்னிச்சிட்டேன்."

"மன்னிக்க நீ யாருடி? எனக்குத் தண்டன குடுத்தது பிஷப் கோர்ட்டு. அத நான் விட்டுக்குடுப்பனா? கடைசி பெஞ்சுல ஒரு செவிட்டுக் கெழவன் இருக்கான்ல, அவனுக்கும் கேக்குற மாதிரி நிறுத்தி நிதானமாச் சொல்லப் போறேன். பா…திக் கரு…வாடு."

வழக்கில் ஜெயித்தவள் தோற்றவளிடம் கெஞ்சுகிற நிலைமை. ஏவிஸ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை."

கிரிசெல் செங்கல்லைக் கீழே வைத்தாள். முகத்தில் கேலி போய்விட்டிருந்தது. "எம் பொழப்புல மண்ணப் போட்டியே, அத அள்ளு. நாளைக்கு எல்லாருக்கும் முன்னால எம் பீரு ஒரு குவளை குடி. நல்லாருக்குன்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை கோயில் பிதுங்கியது. சமாதானமாகிவிட்டார்கள் என்று பாதிரியார் அறிவித்ததும், காசு கொடுத்துக் கூத்துப் பார்க்க வந்து ஏமாந்தவர்கள்போல் ஜனம் முணுமுணுத்தது. பிறகு மொத்தமாக கிரிசெல் வாசலுக்கு நகர்ந்தது.

குவளை வந்தது. மேலே ஏதோ மிதந்தது. ஏவிஸ் மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் குடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. தொண்டை வரை திரும்பி வந்ததை விழுங்கி உள்ளே தள்ளினாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

கூட்டத்தில் நின்ற டார்க்கஸ் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நெசமாவாக்கா?"

"நெசமாத்தான்."

"நீயே சொன்னப்புறம் என்ன. உம்மேல சொன்னத அவளும் விட்டுட்டா. அக்கரைக்காரிய வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன். நீயே வந்துடுக்கா. பீரும் இங்கயே சொல்லிடறேன்."

"ரெண்டு பீப்பாய்!" என்று கிரிசெல் உள்ளே ஓடினாள்.

புதன்கிழமை டார்க்கஸுக்கு வலி கண்டது. கட்டிலைச் சுற்றிப் பத்துப் பெண்கள் கூடினார்கள். முதல் குவளை மருத்துவச்சிக்கு என்பது வழக்கம். நிரப்பி நீட்டியவள் கிரிசெல். ஏவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் குடித்தாள். அந்த அறையில் அன்று யார் முகம் அதிகமாகக் கோணியது, பெற்றவளுடையதா, பிள்ளையை எடுத்தவளுடையதா என்று அந்தப் பெண்கள் இன்னும் தகராறு பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.