கப்பலில் ஏறாமலே ஏறியவள்

பிஸ்கட் கம்பெனியில் கணவருக்கு டைம்கீப்பர் உத்தியோகம். முப்பத்திரண்டு வருஷம் வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறித்தே தொண்டையைக் கனைக்கக் கற்றுக்கொண்ட மனிதர். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்த மனைவிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்குத் துரத்திவிட்டு அவள் மூச்சிரைக்க ஓடி வருவதற்குள், அவர் தன் வருகைக் கார்டை மிஷினில் போடுகிற கையோடு அவள் கார்டையும் போட்டுவிடுவார். ஊருக்குத்தான் உபதேசம். அந்தக் கள்ளத்தனம் இல்லாவிட்டால் அவள் வேலை என்றைக்கோ போயிருக்கும், அதை அவள் மறுக்கமாட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவள் நேரம் முழுக்கத் தன் சட்டைப் பையில் இருப்பதாக மனிதர் நம்பிவிட்டார்.

இருவரும் ஓய்வு பெற்றதும் அவளே விசாரித்து, துருவக் கடலுக்குப் போகிற ஒரு சின்னக் கப்பலில் இரண்டு பேருக்கு இடம் பிடித்தாள்.

"அங்க போய் என்னம்மா பண்ணப் போற?" என்றாள் மகள்.

"ஒரு மணி நேரம் சும்மா உட்காந்து பென்குவினைப் பாக்கப் போறேன். அந்த ஒரு மணி நேரத்துல உங்கப்பா என்னைக் கூப்பிடக் கூடாது."

கேட்டது அவ்வளவுதான், அதுவும் கிடைத்தபாடில்லை. நான்கு முறை கரையில் இறக்கினார்கள். நான்கு முறையும் பத்தாவது நிமிஷத்தில் அவருக்கு ஏதாவது ஒன்று. முதல் நாள் குளிர், அடுத்த நாள் கையுறைக்குள் தண்ணீர், மூன்றாவது நாள் ஒரு பென்குவின் தன்னை முறைத்தது என்று புகார். நான்காவது நாள் ஒன்றுக்கு வந்துவிட்டது. கரையில் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். "வா, போலாம்" என்பார். அவளும் பின்னாலேயே போய்த் தொலைவாள்.

ஐந்தாவதுதான் கடைசி இறக்கம். பயணிகளைக் கரைக்கு அழைத்துப் போகிறவள் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். கப்பலில் எல்லாருக்கும் அவள் விசில்காரி. "காத்து ஏறுது, இன்னிக்கு அரை மணிதான்" என்று சொல்லித்தான் இறக்கினாள். பத்தாவது நிமிஷம் பிசகாமல் கணவருக்குக் காது வலித்தது.

"வா, போலாம்."

"நீங்க போங்க. நான் கடைசிப் படகுல வரேன்."

"தனியாவா?"

"ஆயிரம் பென்குவின் இருக்கு. எங்க தனியா?"

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரப்பர் படகில் ஏறினார். கப்பல் வாசலில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு வில்லை. கரைக்குப் போகும்போது சிவப்புப் பக்கம், திரும்பி வந்தால் பச்சைப் பக்கம் தெரிய மாட்ட வேண்டும். தன் வில்லையைத் திருப்பினார். பக்கத்தில் மனைவியின் வில்லை. கை தன் பாட்டுக்கு நகர்ந்து அதையும் திருப்பிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். டைம் ஆபீஸ் பழக்கம் துருவம் மட்டும். அவர் நேராக சூப் குடிக்கப் போனார்.

அவள் ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், தட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. கப்பல்காரர்களின் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எதிரே ஒரு பென்குவின், கூடு கட்டக் கூழாங்கல் ஒன்றைக் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போகும். அது முதுகைக் காட்டியதும் பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கல்லைத் தூக்கித் தன் கூட்டில் சேர்த்துக்கொள்வாள். முகத்தில் பால் வடியும். பாறையில் உட்கார்ந்திருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். பென்குவின்கள் போட்ட இரைச்சலில் விசில் அவள் காதில் விழவேயில்லை.

விசில்காரி வாக்கி டாக்கியில் கப்பலைக் கேட்டாள். பலகையில் ஒரு சிவப்பு கூட இல்லை என்றார்கள். கரையில் வழிகாட்ட நட்டிருந்த கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு கடைசிப் படகில் கிளம்பிவிட்டாள்.

கால் மரத்துப் போய் மனைவி பாறையிலிருந்து எழுந்து மேடேறிப் பார்த்தபோது கரை வெறிச்சென்று கிடந்தது. படகு தூரத்தில் கப்பலோடு ஒட்டியிருந்தது. "ஏங்க!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பென்குவின்கள்தான் திரும்பிப் பார்த்தன. பயத்தில் அவளுக்கு அழுகை வந்தது. இங்கேயே விறைத்துச் செத்தால், பென்குவின் பார்க்கப் போய்ச் செத்தாள் என்று சொந்தக்காரர்கள் கருமாதி முடிகிறவரை சிரிப்பார்களே என்றும் இருந்தது.

கத்தி என்ன ஆகப்போகிறது? கப்பல் நங்கூரம் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம், யாரும் எங்கேயும் போகமாட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படகு வந்தால் தெரிகிற மாதிரி மேட்டின் உச்சியில் உட்கார்ந்தாள். ஒரு பென்குவின் வந்து அவள் பூட்ஸைக் கொத்திப் பார்த்தது, உதவாது என்று போய்விட்டது. கடலில் ஒரு பனிப்பாளம் சத்தமில்லாமல் புரண்டு படுத்தது. பயம் போகவில்லை, ஆனாலும் அவள் சந்தோஷமாக இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல அவளை யாரும் கூப்பிடாமல் இருந்ததில்லை.

படகு திரும்பி வந்தது. முன்னால் கணவர், மிதவைச் சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக. படகு நிற்பதற்குள் தண்ணீரில் குதித்தார். இடுப்புவரை நனைந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"நான்தான்டி உன் வில்லையையும் திருப்பித் தொலைச்சேன். பழக்கதோஷம்."

முந்தானைக்குப் பழகிய அவள் கை அதைத் தேடிப் பார்த்தது. கடைசியில் கையுறையாலேயே அவர் மூக்கைத் துடைத்துப் படகில் ஏற்றினாள்.

"நான் இல்லேன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"உடனே தெரிஞ்சுது."

விசில்காரி பொய் சொல்லத் தெரியாதவள். "இவரு கப்பல் ஏறி நாப்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சுத்தாம்மா. மூக்குக் கண்ணாடியைக் காணோம், எங்க வெச்சேன்னு கேக்க உங்களைத் தேடியிருக்காரு."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. முப்பது வருஷத்துக்குமேல் குடும்பம் நடத்தி, கடைசியில் ஒரு கண்ணாடிக்காகத்தான் தேடினாராம். வாயைத் திறந்தாள். கரை பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. மேட்டில் அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது இரண்டு பென்குவின்கள் நின்றன.

"பாழாப்போன கண்ணாடி," என்றாள். "இன்னும் ஒரு கால் மணி நேரம் கழிச்சுக் காணாமப் போயிருக்கக் கூடாதா?"