ஐந்து எழுத்துக்குள் ஓர் ஆள்

அந்தப் பொத்தானில் ஐந்து எழுத்துக்கு மேல் நுழையாது. ஆறாவதை நுழைத்தால் அதன் பாதி உடம்பு கலப்பைப் படத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். விளையாட்டைச் செய்த பெங்களூர்க்காரர்கள் படமெல்லாம் வரைந்து வண்ணம் அடித்து முடித்த பிறகுதான் தமிழ் என்று ஒரு மொழி இருப்பது அவர்களுக்கு நினைவு வந்திருக்கிறது. இனிமேல் பொத்தானை அகலப்படுத்த முடியாது, சொல்லைச் சுருக்கிக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

எழில்மொழிக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஆறு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு கைபேசி விளையாட்டுகளைத் தமிழாக்குவாள். கடற்கொள்ளைக்காரர்களும் டிராகன்களும் அவள் தயவில் தமிழ் பேசியிருக்கிறார்கள். இந்த முறை வந்திருந்தது வயல் விளையாட்டு. பெயர் ‘நம்ம வயல்’. நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்து, நெல்லை விற்று அடுத்த வயலை வாங்க வேண்டும். பொங்கலுக்கு வெளியீடு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சொற்பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு ஒரு புள்ளிகூட வைக்க முடியாது.

அந்தப் பொத்தானில் ஏற்கெனவே ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. அளவெடுத்துத் தைத்தது போல ஐந்தே எழுத்து. பண்ணையாள்.

வைத்தவர் அலுவலகத்தின் உரிமையாளர் ராஜராஜன். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். வீட்டில் விசேஷம் என்றால் விடுப்பு கேட்கும் முன்பே கொடுத்துவிடுவார். தமிழ் என்றால் உயிர். ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டால் பனிக்கூழ் என்று திருத்தாமல் அன்றைய பொழுது போகாது. திருவையாற்றுப் பக்கம் ஒரு காலத்தில் நாற்பது ஏக்கர் வைத்திருந்த குடும்பம்.

விளையாட்டில் அந்தப் பொத்தானைத் தொட்டால், வரப்பில் குந்தியிருக்கும் முண்டாசு கட்டிய மனிதன் ஒருவன் எழுந்து ஓடி வருவான். “வந்துட்டேனுங்க” என்பான். உழு என்றால் உழுவான், மாட்டை ஓட்டு என்றால் ஓட்டுவான். களைப்பே கிடையாது. இதற்குப் பண்ணையாள் என்று பெயர் வைத்த அன்று ராஜராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. “மறந்துபோன சொல்லை மீட்டெடுத்துட்டோம்” என்று எல்லோருக்கும் பக்கோடா வாங்கித் தந்தார். எழில்மொழியும் வாயை மூடிக்கொண்டு இரண்டு தின்றாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவள்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவளுடைய அப்பா வீரையன் பத்து வயதுவரை பண்ணை மாடு மேய்த்தவர். அவருடைய அப்பா வேம்பு அந்தப் பண்ணையிலேயே பிறந்து, அதற்கே உழுது, அந்த வரப்பிலேயே விழுந்து செத்தவர். அறுபது வயது மனிதரை மிராசுதார் வீட்டு ஏழு வயதுப் பேரன் “வாடா” என்பானாம். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவாராம். அத்தை ஒருத்திதான் எப்போதோ ஒரு தடவை இதைச் சொன்னாள். வீரையன் இன்று ஒன்றரை ஏக்கருக்குச் சொந்தக்காரர். சம்பா போட்டிருக்கிறார். அந்தச் சொல் மட்டும் அவர்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. யாரும் தடை போடவில்லை, வந்ததில்லை, அவ்வளவுதான்.

இப்போது அது மகள் கையால் அவருடைய கைபேசிக்குள் வரப்போகிறது. மகள் விளையாட்டு செய்கிறாள் என்று உரக்கடையிலிருந்து டீக்கடை வரை சொல்லி வைத்திருக்கிறார். பொங்கலன்று முதல் ஆளாகக் கைபேசியில் இறக்கிவிடுவேன் என்று வேறு சபதம்.

புதன்கிழமை காலை அவள் ராஜராஜன் மேசைக்குப் போனாள்.

“சார், அந்தப் பொத்தானுக்கு வேற சொல் பார்க்கலாமா?”

“ஏம்மா? முத்து மாதிரி இருக்கே.”

“கொஞ்சம் பழசா இருக்கு சார்.”

பழசாம்! சொல்ல வந்தது என்ன, வாயில் வந்தது என்ன. தன் நாக்கையே பிடித்து இழுத்து அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

“பழசுதாம்மா வேணும். சரி, உங்களுக்குப் பிடிச்சதாக் குடுங்க, பொருந்தினா மாத்திக்கலாம்.”

அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு சாயங்காலம் ‘கூலியாள்’ என்று எழுதிக் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யோசித்தார்.

“கூலி எங்கம்மா குடுக்கிறோம்? அவனுக்குக் காசே கிடையாதே. விளையாடுறவங்க குழம்பிடுவாங்க.”

வியாழக்கிழமை ‘கூட்டாளி’ கொடுத்தாள்.

“கூட்டாளின்னா வெளைச்சல்ல பங்கு கேப்பான்ல?”

‘வேலையாள்’ கொடுத்தாள்.

“அதை விளையாட்டுல வர்ற அரிசி ஆலை ஆளுக்குக் குடுத்தாச்சு. அந்த ஆள் எட்டு மணி நேரம் ஆச்சுன்னா வேலையை நிறுத்திடுவான். இவன் நிறுத்தமாட்டான்ல.”

‘தோழன்’ கொடுத்தாள். தோழனை யாராவது இப்படி விரட்டுவார்களா என்று கேட்டார். ‘உழவன்’ கொடுத்தாள். விளையாட்டில் நிலம் வைத்திருப்பவர்தானே உழவன் என்றார். ‘உதவி’ என்ற சொல்லைக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் முன்பே போட்டிருந்தார்கள். அகராதியைப் புரட்டினாள், பேருந்தில் முணுமுணுத்தாள், விரல்விட்டு எண்ணினாள். அரைத்த மாவையே அரைத்து விரல்தான் தேய்ந்தது. ஒவ்வொரு சொல்லையும் அவர் தள்ளியபோது அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு யோசித்தால் அவர் சொன்ன காரணம் சரியாக இருந்தது. வேறெந்தச் சொல்லுக்கும் அந்தப் பொத்தானில் இடமில்லை. சனியன் பிடித்த அந்த ஒரு சொல்தான் பொருந்தித் தொலைத்தது.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அப்பா கூப்பிட்டார். பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது.

“யூரியா வாங்க பாபநாசம் வந்தேம்மா. சாப்டியா?”

“சாப்டேன்பா.”

“ஆமா, உன் வெளையாட்டுல வேலைக்கு ஆளெல்லாம் உண்டா? இங்க களையெடுக்க ஒருத்தரும் கெடைக்கமாட்டேங்கிறாங்க. அதுலயாவது கெடைப்பாங்களான்னு பாக்கிறேன்.” அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

“ஒருத்தர் இருக்கார்பா.”

“அப்படியா? பேரு என்ன அவருக்கு?”

மூன்று நாளாகச் சொல் தேடிய எழில்மொழிக்கு இந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

“பேரு இன்னும் வெக்கலப்பா” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். வைத்த கையோடு நேராக ராஜராஜன் மேசைக்குப் போனாள். பக்கத்து மேசையில் நிரல் எழுதும் ஷஹ்பாஸ் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான். அவள் நடந்து வந்த விதம் அப்படி.

“சார், எங்க தாத்தா பண்ணையாள். எங்கப்பாவும் பத்து வயசு வரைக்கும் அதுதான். அந்தச் சொல்லை எங்கப்பா போன்ல நான் போடமாட்டேன்.”

ராஜராஜன் பேனாவைக் கீழே வைத்தார். முகம் நிஜமாகவே வாடியது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. ஆனா அதுல கேவலம் ஒண்ணுமில்லம்மா. எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தார். வேத்து மனுஷனா நெனச்சதே இல்ல. குடும்பத்துல ஒருத்தர் மாதிரி.”

“அவர் பேரு என்ன சார்?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“கட்டையன்னு கூப்பிடுவோம். குள்ளமா இருப்பார், அதனால. நெஜப் பேரு... இருங்கம்மா, வந்துடும்.”

“எத்தனை வருஷம் இருந்தார்?”

“நான் பொறந்ததுலேருந்து காலேஜ் போற வரைக்கும்.”

அந்தப் பேர் வரவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, மனிதர் நல்லவராயிற்றே, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “சரிம்மா, எடுத்துடுவோம். நீங்களே வேற ஒரு சொல் குடுங்க. பொருந்தினாப் போதும்.”

கிணற்றைச் சுற்றி வந்து மறுபடி கிணற்றடியிலேயே நின்ற கதைதான். எழில்மொழிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகை இல்லை, முழுக்க எரிச்சல்.

“வேற சொல் கிடையாது சார். கூலி இல்ல, பங்கு இல்ல, ஓய்வு இல்ல, பேரு இல்ல. அப்படி ஒரு ஆளைச் செஞ்சு வெச்சா அதுக்குத் தமிழ்ல அந்த ஒரு சொல்தான் இருக்கு. நீங்க சரியாத்தான் வெச்சிருக்கீங்க. கோளாறு சொல்லுல இல்ல, ஆளைச் செஞ்சதுல இருக்கு.”

கீழே பேக்கரியில் யாரோ தட்டைக் கீழே போடும் சத்தம் கேட்டது. ஷஹ்பாஸ்தான் தொண்டையைக் கனைத்தான்.

“கூலி, பங்கு எல்லாம் இப்ப மாத்த முடியாது எழில். பொத்தான்ல சொல்லுக்குப் பதிலா பேரு வேணா வெக்கலாம். விளையாடுறவங்களே வெச்சுக்கட்டும். மாட்டுக்குப் பேர் வெக்கிற பெட்டி இருக்குல்ல, அதே கோடிங்தான், பத்து நிமிஷ வேலை.”

“மாட்டுக்குப் பேர் இருக்கா?”

“ஆமா. கோழிக்குக்கூட இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நல்ல சிரிப்பு இல்லை என்று ஷஹ்பாஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவன் திரும்பிக் கணினியைப் பார்த்துக்கொண்டான். ராஜராஜன் உடனே பெங்களூருக்கு எழுதினார். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. அருமையான யோசனையாம், தாங்களே பெயர் வைத்தால் விளையாடுகிறவர்கள் அடிக்கடி திரும்பி வருவார்களாம். எதற்காகவோ கேட்டதை எதற்காகவோ கொடுத்தார்கள். அவளுக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது, இருந்தாலும் வாங்கிக்கொண்டாள்.

நாலே முக்காலுக்கு ஷஹ்பாஸ் மறுபடி கூப்பிட்டான். ராஜராஜன் கீழே டீ குடிக்கப் போயிருந்தார்.

“எழில், யாராவது பேரே வெக்காம விட்டா? பெட்டி காலியா இருந்தா விளையாட்டு நின்னுடும். நாமளா ஒரு பேர் போட்டு வெக்கணும். அஞ்சு எழுத்துக்குள்ள சொல்லுங்க, சீக்கிரம்.”

இது வேறா! அவள் அவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யோசிக்காமலே விரல் ‘வேம்பு’ என்று அடித்தது. மூன்றே எழுத்து, பொத்தானில் பளிச்சென்று நின்றது. சரியாக வருகிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். முண்டாசுக்காரன் எழுந்து ஓடி வந்தான்.

“வந்துட்டேனுங்க.”

சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். பொங்கலிலிருந்து லட்சம் பேர் தாத்தாவைத் தட்டி எழுப்பி ஓட விடுவார்கள், ஏழு வயதுப் பிள்ளைகள் உட்பட. மளமளவென்று அழித்தாள். வேறு பேர்கள் மனதில் வந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய தாத்தாவாக இருந்தது. மணி நாலு ஐம்பத்தாறு. அப்போதுதான் அவளுக்கு ஒரு பேர் தோன்றியது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாக ஐந்து. அடித்தாள்.

ஷஹ்பாஸ் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

“எழில்... நெஜமாவா?”

“பூட்டுங்க.”

ஐந்தே காலுக்குச் சோதனைப் பதிப்பு எல்லோருடைய கைபேசிக்கும் வந்தது. டீ குடித்துவிட்டு வந்த ராஜராஜன் தெம்பாக இருந்தார். ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. “பாருங்க, எல்லாரும் வாங்க” என்று கூப்பிட்டு நடுவில் நின்றுகொண்டார். பெயர் கேட்ட பெட்டியை அவசரத்தில் படிக்காமலே தள்ளிவிட்டார். வயல் வந்தது. வரப்பு வந்தது. பொத்தானைத் தொட்டார்.

“வந்துட்டேனுங்க” என்று ஓடி வந்தான் முண்டாசுக்காரன். இடுப்பை வளைத்துக் கும்பிட்டு நின்றான். அவன் தலைக்கு மேலே, பொத்தானில், எழுத்து பிசகாமல் இருந்தது: ராஜராஜன்.

ஷஹ்பாஸ் அவசரமாக இயர்போனை மாட்டிக்கொண்டான்.

“ஏம்மா...” அவர் கைபேசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். “என் பேரையா வெச்சீங்க?”

“ஏன் சார்? குடும்பத்துல ஒருத்தர் மாதிரிதானே.”

“இல்லம்மா, வந்து... இதை மாத்திடுங்க.”

“பூட்டியாச்சு சார். இனிமே ஒரு புள்ளிகூட வெக்க முடியாது.”

கைபேசிக்குள் அந்த ஆள் இன்னும் குனிந்தபடியே அடுத்த வேலைக்குக் காத்திருந்தான். ராஜராஜனுடைய கட்டைவிரல் பொத்தானுக்கு நேரே போய் நின்றது. அங்கேயே நின்றது. எழில்மொழி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் அழுத்தவில்லை.