நாலு மார்க்கும் ஒரு வெள்ளை அரளியும்

ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பேச்சுத் துணைக்கா பஞ்சம்? திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஏறி முடிப்பதற்குள் ஜெகநாதனிடம் பத்துப் பேர் தங்கள் வேண்டுதலைக் கொட்டிவிடுவார்கள். அவன் மனதில் கிடப்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. பெண்டாட்டி செத்துப்போய் ஆறு வருஷம். வீட்டில் மகள் உதயா மட்டும். அவளிடம் சொல்லவே கூடாத விஷயம் அது.

உதயா பன்னிரண்டாவது முடித்த கையோடு ராணுவ அகாடமிக்கான எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். அடுத்தது போபாலில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. "பொட்டப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பப் போறியா?" என்று பள்ளிப்பட்டிலிருந்து அவன் அக்கா நிர்மலா போனிலேயே குதித்தாள். குழம்பிப்போன ஜெகநாதன் மலைக்குப் போய் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்தான். ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். யார் வீட்டுக் குழந்தையோ ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தான். வெள்ளை.

வீட்டுக்கு வந்தால் அவள் பையைக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தாள்.

"இன்னா நைனா வந்துச்சு?"

அந்த முகத்தைப் பார்த்து வெள்ளை என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

"செவப்புதாம்மா."

போனாள். ஐந்தாம் நாள் போனில் சந்தோஷத்தில் அழுதாள், தேர்வாகிவிட்டாள். மருத்துவப் பரிசோதனையிலும் குறை சொல்லவில்லை. ஜெகநாதன் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். முருகன் பொய்யைப் பெரிதுபடுத்தவில்லை என்றே நினைத்தான்.

கடைசிப் பட்டியலில் அவள் எண் இல்லை.

"எழுதுனதுக்குத் தொள்ளாயிரம், நேர்ல பாத்ததுக்குத் தொள்ளாயிரம். ரெண்டையும் கூட்டித்தான் லிஸ்ட் போடுவாங்க. எனக்கு நாலு மார்க் கம்மி நைனா."

"பரிச்சைலதான் அப்பவே பாஸாயிட்டியே? அந்த மார்க்க இப்ப எதுக்குத் தோண்டிகினு இருக்கானுங்க?"

"அந்த பாஸு நேர்முகத்துக்குக் கூப்புடறதுக்கு. எடம் குடுக்கறப்போ மொத்தத்தப் பாப்பாங்க. போபால்ல நல்ல மார்க்குதான். எனக்குக் கணக்குப் பரிச்சைல போச்சு."

ஆங் என்று தலையாட்டினான். நம்பவில்லை. அந்த நாலு மார்க்கைப் பிடுங்கியது யார் என்று அவனுக்குத் தெரியும். பரீட்சை முந்தி, பொய் பிந்தி என்று புத்தி எடுத்துச் சொல்லத்தான் செய்தது. மனசு கேட்டால்தானே!

அன்றிலிருந்து சவாரிகளை மேலே இறக்கிவிட்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொள்வான். ஊரே சாமியைப் பார்க்க மலையேறுகிறது. இவன் தினமும் எட்டு தடவை ஏறியும் சாமி முகத்தில் விழிக்கப் பயந்தான். மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட அவன் தனியாகத்தான் இருந்தான்.

மூன்று மாதம் கழித்து உதயா தயங்கித் தயங்கி வந்தாள்.

"இன்னொரு வாட்டி எழுதட்டா? இதோட வயசு முடிஞ்சிரும். அத்த வேணாங்குது. நீ பூக்கட்டிப் பாத்துட்டு வா நைனா. அன்னிக்கு செவப்பு வந்துச்சே, அந்தத் தைரியத்துலதான் போபால்ல நின்னேன். இந்த வாட்டி வெள்ள வந்தா வுட்டுடறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான்; வெள்ளை வந்தால் புத்தகத்தைத் தொடமாட்டாள்.

மலையில் பூக்கடை சந்திரா வழக்கம்போலக் கேட்டாள். "செவப்பு ஒண்ணு, வெள்ள ஒண்ணுதானே?"

"ரெண்டுமே செவப்பு குடும்மா."

அவள் ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

சந்நிதியில் இரண்டு பொட்டலத்தையும் வைத்துவிட்டு, பல நாள் கழித்து நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்தான். "பொய் சொன்னவன் நான். இப்பவும் ஏமாத்தறவன் நான்தான். என்னிய இன்னா வேணா பண்ணிக்கோ. அவ மார்க்குல மட்டும் கை வெக்காத சாமி."

ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்தாள். வரப்போவது தெரிந்தும் பிரித்துப் பார்த்தான். வெளியே வந்து போன் போட்டான்.

"செவப்புதாம்மா."

அந்தப் பக்கம் அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். எடுக்காத பொட்டலத்தைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தான்.