கடைசி வரி

அணு ஆயுத ஒழிப்பு மாநாட்டில் எங்கள் மார்ஷல் தீவுகளின் சார்பில் ஐந்து நிமிடம் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். அந்தக் காலத்துக் குண்டுச் சோதனைகளில் நாங்கள் பட்டதைச் சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. கடைசி வரிதான் சிக்கல்: 'இன்றும் எங்கள் கடலில் ஏவுகணைகளையும், அவற்றை வானிலேயே மறித்து அழிக்கும் ஏவுகணைகளையும் சோதிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம்.'

தலைநகரிலிருந்து வந்த அதிகாரி அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார். "குண்டு வேண்டாம்கிறது நாட்டோட நிலைப்பாடு. மறிக்கிற ஏவுகணை பத்தி நாம வாய் திறக்கிறதில்ல. அந்தக் கடலுக்குச் சொந்தமான நிலத்துக்காரியா நீங்க சொன்னா, அது உங்க சொந்தப் பேச்சு. யோசிச்சுக்குங்க."

யோசனையெல்லாம் ஜிலோவைப் பற்றித்தான். என் கணவன் பதினெட்டு வருடமாக, அந்த ஏவுகணைகளைச் சோதிக்கும் வெளிநாட்டு ராணுவத் தளத்தின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறான். எங்கள் ஈபை தீவிலிருந்து காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்புவான். என் பேச்சால் அவனுடைய நுழைவு அட்டை பறிபோனால் வேலையும் போய்விடும்.

மீன் அரிந்துகொண்டிருந்தவனிடம் காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நிலத்து விஷயம். எனக்கென்ன தெரியும்?"

எங்களிடம் நிலமும் அதைச் சேர்ந்த கடலும் தாய்வழியில் இறங்கும். மனைவியின் மண்ணில் வாழ வந்தவன் அதைப் பற்றிப் பேசுவது முறையில்லை. அந்த முறைக்குப் பின்னால் இவன் ஒளிந்துகொள்கிறான் என்று எனக்குக் கோபம்.

"என் கடல் மீனைத் திங்க மட்டும் வாய் திறக்குதா?"

"பிடிச்சது நான்தான், மகாராணி."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "மறிக்கிறது நல்லதுதானேன்னு அதிகாரி கேக்குறார்."

"நீ என்ன சொன்ன?"

"மறிக்க ஆள் இருக்குங்கிற தைரியத்துல எவனும் குண்டைக் கீழ வைக்க மாட்டான்னேன்." பேனாவை எடுத்தேன். "இருந்தாலும் உனக்காக இதை அடிச்சுடறேன்."

அவன் கத்தியை வைத்தான்.

"எனக்காக அடிக்காத, நெய்மோன். அவங்க கடலை எடுத்துக்கிட்டாங்க. உன் பேச்சை நான் எடுத்துக்கிட்டதா இருக்க வேணாம்."

"அட்டை போச்சுன்னா?"

"பயமாத்தான் இருக்கு." மறுபடி மீனை அரியத் தொடங்கினான். "பயந்துக்கிட்டே இருக்கேன். நீ பேசு."

நியூயார்க்கில் பிற்பகல் மூன்று மணிக்குப் பேசினேன். கடைசி வரியைப் படித்தபோது எங்கள் அதிகாரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கைதட்டினார்கள். நான் தாழ்வாரத்துக்கு ஓடி, ஜிலோவுக்குப் போன் செய்தேன். ஈபையில் அப்போதுதான் விடிந்து, காலைப் படகுக்கு ஆட்கள் நிற்கும் நேரம்.

"ரேடியோவுல வந்துச்சு. வரிசையே கேட்டுச்சு," என்றான்.

"யாராவது திட்டினாங்களா?"

"ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. பின்னாடி நிக்கிறவன், இனிமே எனக்குச் சமையல் வீட்டுலதானாம்னு சிரிக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அட்டையைப் பார்க்குறாங்களா?"

"பார்க்குறாங்க. எனக்கு முன்னாடி மூணு பேர். போனை வைக்காத."

வைக்கவில்லை. அவன் மூச்சும், ஒவ்வொருவராக முன்னே நகரும் செருப்புச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.