டிராக் பாடிக் கொடுத்தவன்

பாட்டுக் கம்பெனி முதலாளி அத்தனை லேசாகத் தலையாட்டியபோதே கரடி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஆசை கண்ணை மறைத்தது.

கரடி ராக் குழுவின் பாடகன். அடித்தொண்டையில் உறுமுவதால் வந்த பெயர். போன வருஷம் அவன் உறுமிய ஒரு பாட்டு மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. அதே அச்சில் இன்னொன்று வார்த்துத் தா என்று முதலாளி நச்சரித்தார். கரடியோ இரண்டு வருஷமாக ஒன்பது நிமிஷப் பாட்டொன்றை இழைத்துக்கொண்டிருந்தான். ஒரு வரிகூட அதில் திரும்பி வராது. அதை ஒரே ஒருமுறை மேடையில் பாடிவிட்டால் போதும், பிறகு தலை போனாலும் சரி என்பான்.

"ஒன்பது நிமிஷத்துல மனுஷன் குளிச்சு ஆபீசுக்கே கிளம்பிடுவான், மச்சான்" என்பான் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அவன் தங்கை புருஷன்.

கரடி கேட்டதும், வரும் கச்சேரியில் முதல் பாட்டு உன்னுடையதுதான் என்று தலையாட்டினார் முதலாளி. பதிலுக்குக் கம்பெனியின் புதுப் பாட்டுக்கு டிராக் மட்டும் பாடித் தரச் சொன்னார். பின்னால் பாடப்போகிறவனுக்கு வழிகாட்ட மேலோட்டமாகப் பாடி வைப்பதுதான் டிராக். அசல் குரல் வந்ததும் அழித்துவிடுவார்கள். அதற்குப் போய் யார் எழுதி வாங்குவார்கள்? கரடியும் வாங்கவில்லை.

கண்ணாடி அறையில், நாற்காலியில் சாய்ந்தபடியே பாடினான். ஒலிப்பதிவுக்காரருக்குத் திருப்தியாகவில்லை.

"இன்னொரு தடவ பாடுங்க. கொஞ்சம் உறுமலோட."

அழிக்கப்போகிற குரலுக்கு உறுமல் எதற்கு? கரடி கேட்கவில்லை. நான்கு தடவை பாடினான். அந்த வாரம் முழுக்க ஒத்திகையில் மாப்பிள்ளை அவன் முகத்தையே பார்க்கவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்றான்.

கச்சேரி நாள். மைதானம் நிறைந்திருந்தது. கரடி கிதாரை மாட்டிக்கொண்டு தன் பாட்டின் முதல் சுரத்தை மீட்டினான். முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் குச்சிகள் நான்கு முறை தட்டிக்கொண்டன. அது அவன் பாட்டின் வேகமில்லை. திரும்பினான்.

"நீ பாடக்கூட வேணாம், மச்சான்" என்றான் மாப்பிள்ளை, தலையைத் தூக்காமல். "வாய மட்டும் அசைச்சாப் போதும்னு சொல்லச் சொன்னாங்க."

ஒலிபெருக்கிகளிலிருந்து, கரடி டிராக்கில் பாடிக் கொடுத்த உறுமல் புறப்பட்டது. அவன் வாய் மூடியிருந்தது.

அவன் மைக்கைப் பிடித்துத் தன் பாட்டைத் தொடங்கினான். மைக் செத்துக் கிடந்தது. விடவில்லை, நரம்பு புடைக்க அடுத்தடுத்த வரிகளைப் பாடினான். அசையும் அந்த வாயைப் பார்த்த கூட்டம், கைகளைத் தூக்கி அந்த இன்னொரு பாட்டுக்கு ஆடத் தொடங்கியது.