பட்டியலில் மூன்றாவது பெயர்

எனக்கு அரசியல் என்றாலே அலர்ஜி. ஆனால் என் மனைவி டெக்வென் எங்கள் சட்டசபையான செனெத்துக்கு நடக்கும் தேர்தலில் நிற்கிறாள், என்ன செய்ய? மார்ச் மாதக் குளிரில் வீடு வீடாக நோட்டீஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த முறை ஓட்டு ஆளுக்கு இல்லை, கட்சிக்கு. கட்சி ஒரு பட்டியல் கொடுக்கும். விழுந்த ஓட்டுக்குத் தக்கபடி மேலிருந்து எண்ணி எடுப்பார்கள். ஜெயித்தவர் செத்தாலும் இடைத்தேர்தல் கிடையாது, அடுத்த பெயர்தான். ஆறு இடம் உள்ள எங்கள் தொகுதியில் கட்சிக்கு இரண்டு நிச்சயம் என்றார்கள். இரண்டாவது பெயர் என் பள்ளித் தோழன் எல்வெட். டெக்வென் மூன்றாவது. இருபது வருஷம் உழைத்தவள், பட்டியல் வந்த அன்று அழுதாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு சேப்பல் சந்தில் திரும்பினேன். எதிரே ஒரு சாவு ஊர்வலம். வேலியோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். ஐம்பது அறுபது பேர் ஜல்லியில் நடக்கிறார்கள். காலடிச் சத்தமே இல்லை. எல்லாம் தெரிந்த முகங்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. சவப்பெட்டியை ஒட்டி முதல் ஆளாக டெக்வென். அவள் கழுத்தில் செனெத் உறுப்பினர் அட்டை தொங்கியது. நான்காவது வரிசையில் எல்வெட்டின் மனைவி நெரிஸ். எல்வெட்டைக் காணவில்லை. கண்ணை மூடித் திறந்தேன், சந்து காலி.

தொய்லி! நடக்கப்போகும் சாவு முன்கூட்டியே தெருவில் போவது. என் மாமா பார்த்ததாகச் சொன்னபோது கிண்டலடித்தவன் நான்.

டெக்வெனிடம் சொன்னேன்.

"அட்டை என் கழுத்துல இருந்துச்சா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்போ ஜெயிச்சப்புறம் எல்வெட்..." என்று இழுத்தாள். பிறகு, "அவன்கிட்ட சொல்லாத" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளா இப்படி? மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. எல்வெட்டிடம் போய்க் கொட்டிவிட்டேன்.

"டேய், பொண்டாட்டிக்கு சீட் வேணும்னா நேரா கேளேன்! பேயைக் காட்டி மிரட்டுறியே" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மனு கொடுக்கவும் பெயரை எடுக்கவும் கடைசி நாளான அன்று மத்தியானம், உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகிக்கொண்டான். டெக்வென் இரண்டாவதானாள். அப்பாடா, ஒரு உயிர் பிழைத்தது! எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் டீ போட்டேன். பழரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"இத்வல், இனி நான் ஜெயிக்க எவனும் சாக வேண்டியதில்லையே?"

"அதான் நல்லதாப் போச்சுல்ல."

"நெரிஸ் நாலாவது வரிசைன்னு சொன்னே. புருஷன் சாவுல அவ ஏன் அவ்ளோ பின்னாடி வர்றா?"

"நீ புது உறுப்பினர்னு உன்னை முன்னாடி விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நம்ம ஊர்ல எந்தப் பதவிக்காரி பெட்டியை ஒட்டி நடந்திருக்கா? வீட்டு ஆளுங்கதான் நடப்பாங்க. எல்வெட் பயந்துபோய் வராம இருந்திருப்பான்."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கு சீட்டே வேணாம். நானும் விலகிடறேன், இப்பவே போன் போடறேன்" என்று எழுந்தாள்.

மணி ஐந்து பத்து. பெயரை எடுக்கும் கெடு நான்கு மணிக்கே முடிந்திருந்தது.